மைக் கிடைத்தால் என்ன கேட்பீர்கள்?

பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை... எந்தப் பண்டிகையாக இருந்தாலும் சரி, காலையில் டிவியைப் போட்டால் ஒரு இயக்குநரும் ஒரு தொகுப்பாளரும் சோபாவில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

"படம் எப்படி வந்திருக்கு சார்?"

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க. வித்தியாசமான படம்."

"ஹீரோ பத்தி சொல்லுங்களேன்?"

"செம டெடிகேஷன். கேரவன் பக்கமே போகமாட்டார்."

"ஷூட்டிங்ல மறக்க முடியாத சம்பவம்?"

"ஒரு தடவை ஹீரோயின் ஆத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. எல்லாரும் சிரிச்சுட்டோம்."

"ரசிகர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?"

"குடும்பத்தோட தியேட்டர்ல வந்து பாருங்க."

நடுவில் நாலு பாட்டு, ஒரு வண்டி விளம்பரம். பேட்டி முடிந்தது. இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்த ஒரு மனிதரை அரை மணி நேரம் எதிரில் உட்காரவைத்து, அந்த உழைப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவைப்பது உண்மையிலேயே பெரிய திறமைதான் :-)

இப்போது இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஓடும் யூடியூப் பேட்டிகள் வந்துவிட்டன. சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பலவற்றில் நீளம்தான் கூடியிருக்கிறது, கேள்வி அதேதான். இன்னார் மேல் உங்களுக்குக் கோபமா, அந்தப் படம் ஏன் ஓடவில்லை, வசூல் நூறு கோடியா இருநூறு கோடியா. திரைப்பட விழாக்களில் படம் முடிந்தபின் ரசிகர்களிடம் மைக் போனால் அங்கே வேறு வகை வேடிக்கை. "கேள்வி இல்ல சார், ஒரு கருத்து" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசுபவர் ஒருவர். "இந்தப் படத்தோட மெசேஜ் என்ன?" என்று கேட்பவர் இன்னொருவர். இரண்டே கால் மணி நேரம் படத்தைப் பார்த்துவிட்டு அதை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார், பாவம்!

சரி, பேட்டி மொக்கையாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது. சினிமா எடுக்க ஆசைப்படுகிற பையனோ பெண்ணோ எத்தனை பேர் புனே திரைப்படக் கல்லூரிக்கும் தரமணிக்கும் போக முடியும்? இருக்கிற இடமே கொஞ்சம். உதவி இயக்குநராகச் சேர வேண்டுமென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும், மாதக்கணக்கில் கையில் காசில்லாமல் சென்னையில் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்படி முடியாதவர்களுக்கு இருக்கிற ஒரே வகுப்பறை, படம் எடுத்தவர்கள் வாய் திறந்து சொல்வதுதான். அந்த வகுப்பறையில் "மறக்க முடியாத சம்பவம்" மட்டுமே நடத்தினால் எதைக் கற்றுக்கொள்வது?

அப்படியானால் சரியான கேள்வி எது? இதற்கான விடை சினிமா புத்தகங்களில் மட்டுமல்ல, காமர்ஸ் மாணவர்களின் எகனாமிக்ஸ் புத்தகத்திலும் இருக்கிறது. வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்காகக் கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறதே, அதுதான் உண்மையான விலை. கையில் இருக்கும் நூறு ரூபாய்க்கு சினிமா பார்த்தால், அந்தப் படத்தின் உண்மையான விலை, அந்த நூறு ரூபாயில் சாப்பிடாமல் விட்ட பிரியாணிதான். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. ஆனால் சினிமாவுக்கு அப்படியே பொருந்துகிறது. திரையில் தெரிவது இயக்குநர் எடுத்த முடிவு. தெரியாமல் போனது, அந்த முடிவுக்காக அவர் விட்டுக்கொடுத்தது. தெரிவதைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டோமே! கேட்க வேண்டியது தெரியாததைப் பற்றி. "இந்தக் காட்சிக்கு வேறு என்ன யோசித்தீர்கள்? அதை ஏன் விட்டீர்கள்?" இந்த ஒரு கேள்வி போதும்.

இப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு உலக சினிமாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

ஐந்நூறு கேள்விகளோடு போன ரசிகர்

1962-ல் பிரான்சுவா த்ரூஃபோவுக்கு வயது 30. பிரான்சில் விமர்சகராக இருந்து, பிறகு இயக்குநராகி, மூன்று படங்கள் முடித்திருந்தார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் தீவிர ரசிகர். அந்தச் சமயம் அமெரிக்காவில் ஹிட்ச்காக் பெரிய நட்சத்திர இயக்குநர்தான், டிவியிலும் வந்து எல்லோருக்கும் தெரிந்த முகம்தான். ஆனால் விமர்சகர்களில் நிறைய பேர் அவரை ஒரு பொழுதுபோக்கு வியாபாரியாகவே பார்த்தார்கள். த்ரூஃபோவுக்கு இது பொறுக்கவில்லை. ஹிட்ச்காக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களோடு பல நாட்கள் உட்கார்ந்து பேச வேண்டும், உங்கள் படங்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேட்க வேண்டும் என்று. ஹிட்ச்காக் சம்மதித்தார்.

1962 ஆகஸ்ட் 13, ஹிட்ச்காக்கின் 63-வது பிறந்தநாள். அன்று யூனிவர்சல் ஸ்டூடியோவில் இருந்த அவருடைய அலுவலகத்தில் பேச்சு ஆரம்பித்தது. த்ரூஃபோவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஹெலன் ஸ்காட் என்ற பெண்மணி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். ஒரு வாரம். சுமார் 500 கேள்விகள். எல்லாம் டேப்பில் பதிவானது. 1966-ல் பிரெஞ்சிலும் அடுத்த வருடம் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. பல தலைமுறை இயக்குநர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். 2015-ல் அந்த உரையாடலைப் பற்றியே கென்ட் ஜோன்ஸ் ஒரு ஆவணப்படம் எடுத்தார்.

அப்படி என்ன கேட்டார் த்ரூஃபோ? வாழ்க்கைத் தத்துவம் கேட்கவில்லை. ஹீரோயினோடு நடந்த சண்டையைத் தோண்டுவதற்காகப் போகவில்லை. ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டு, இந்தக் காட்சி ஏன் இப்படி, எப்படிச் செய்தீர்கள் என்று குடைந்தார்.

'சஸ்பிஷன்' (1941) என்ற படத்தில் கேரி கிராண்ட் ஒரு டம்ளர் பாலை எடுத்துக்கொண்டு இருட்டில் மாடிப்படி ஏறி வருவார். அதில் விஷம் இருக்கிறதோ என்று மனைவிக்குச் சந்தேகம். பார்க்கிற நம் கண் அந்த டம்ளரை விட்டு நகராது. காரணம், ஹிட்ச்காக் பாலுக்குள் ஒரு சின்ன விளக்கைப் போட்டிருந்தார். டம்ளர் லேசாக ஒளிரும். இது ஒரு பேட்டியில் வெளியே வந்த விஷயம். இதைக் கேட்ட பிறகு ஒருவன் செல்போனில் குறும்படம் எடுத்தாலும், பார்வையாளன் எங்கே பார்க்க வேண்டும் என்பதை வசனம் இல்லாமலே சொல்லலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்கு ஃபீஸ் எவ்வளவு? பூஜ்யம்.

மேஜைக்கு அடியில் வெடிகுண்டு உதாரணம் இன்னும் பிரபலம். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவனுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு இருப்பதை முன்பே பார்ப்பவனுக்குக் காட்டிவிட்டால்? அதே வெட்டிப் பேச்சு இப்போது தாங்க முடியாததாகிவிடும். அட, பேசினது போதும், எழுந்து ஓடுங்கடா என்று மனசு கத்தும். பதினைந்து விநாடி அதிர்ச்சியைக் கைவிட்டால் பதினைந்து நிமிடப் பதைபதைப்பு கிடைக்கிறது. பச்சையான லாப நஷ்டக் கணக்கு! இதை எத்தனை தமிழ்ப் படங்களில் பார்த்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், விரல் போதாது.

'சைக்கோ' (1960) கதை இன்னும் சுவாரசியம். பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இந்தக் கதையில் விருப்பமில்லை. ஹிட்ச்காக் தன் டிவி தொடரில் வேலை பார்த்த குழுவை வைத்துக்கொண்டு, சுமார் 8 லட்சம் டாலரில் படத்தை முடித்தார். தன் சம்பளத்தை அப்போது வாங்கிக்கொள்ளாமல் படத்தில் பங்காக எடுத்துக்கொண்டார். கலர் இருந்த காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பணம் மிச்சம் என்பது ஒரு காரணம். குளியலறைக் கொலைக் காட்சி கலரில் இருந்தால் ரத்தம் தாங்காது என்பது இன்னொரு காரணம். அந்த ரத்தமும் சாக்லேட் சிரப்தான். கறுப்பு வெள்ளையில் எந்தக் கலரில் இருந்தால் என்ன? ஆனால் அதே சிக்கன மனிதர் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் ஏழு நாள் செலவழித்தார். முக்கால் நிமிடத்துக்கு எழுபது கேமரா கோணங்கள் என்று த்ரூஃபோவிடம் கணக்குச் சொன்னார்.

இதைத்தான் கவனிக்க வேண்டும். எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்து, எந்த இடத்தில் கொட்ட வேண்டுமோ அங்கே மட்டும் கொட்டியிருக்கிறார். 'சைக்கோ'வின் வசூல் எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண் கிடைக்கும், அவ்வளவுதான். எங்கே செலவழித்தீர்கள், எங்கே செலவழிக்கவில்லை என்று கேட்டால் சினிமாவே கிடைக்கும். நம் ஊர் ரசிகர்கள் வசூலைப் பற்றி ஆடிட்டர் மாதிரி பேசுகிறார்கள், செலவைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்குப் புத்தகத்தை எந்த வாத்தியார் ஒப்புக்கொள்வார்?

தப்பை ஒப்புக்கொள்ள வைக்கும் கேள்வி

நல்ல கேள்வியால் இன்னொரு லாபம் உண்டு. எதிரில் இருப்பவர் தப்பையும் ஒப்புக்கொள்வார்.

'சபோடாஜ்' (1936) என்ற படத்தில் ஒரு சிறுவன், விஷயம் தெரியாமல் வெடிகுண்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவான். அந்தப் பையனோடு சேர்ந்து ரசிகர்களும் பதறுவார்கள். கடைசியில் குண்டு வெடித்து அவன் செத்துப்போவான். இது தான் செய்த பெரிய தவறு என்று ஹிட்ச்காக் சொன்னார். அவ்வளவு நேரம் பதறவைத்துவிட்டு, தப்பிக்க விடாமல் கொன்றால் ரசிகனுக்குக் கோபம்தான் வரும். 'ரோப்' (1948) படத்தை வெட்டே தெரியாமல் ஒரே நீளக் காட்சி போல எடுத்ததையும் தேவையில்லாத வித்தையாகத்தான் பின்னால் பார்த்தார்.

உலகமே கொண்டாடும் ஒருவர், தன்னில் பாதி வயதுக்காரரிடம் இதையெல்லாம் சொல்கிறார் என்றால் ஏன்? எதிரில் இருப்பவன் படத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறான், திட்டவும் வரவில்லை, ஜால்ரா போடவும் வரவில்லை என்று தெரிந்ததால். "ஏன் ஓடவில்லை?" என்று கேட்டால் எந்த இயக்குநரும் தியேட்டர் கிடைக்கவில்லை, மழை, பரீட்சை நேரம் என்றுதான் சொல்வார். "இந்த இடத்தில் அந்தப் பையனைக் காப்பாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டால் யோசிப்பார். முதல் கேள்வி அவரைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாவது கேள்வி பழையபடி எடிட்டிங் டேபிளுக்கு அழைத்துப் போகிறது.

கல்கத்தாவில் ஒரு வழிகாட்டி

இப்படி ஒரு பேச்சு ஒரு ரசிகனின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டதும் உண்டு. இதற்கு ஹாலிவுட் வரை போக வேண்டியதில்லை.

1949-ல் பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரெனுவார் 'தி ரிவர்' படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். அங்கே ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைந்துகொண்டிருந்த இளைஞர் அவரைப் போய்ப் பார்த்தார். இரண்டு வருடம் முன்புதான் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர். சினிமா எடுத்த அனுபவம் கிடையாது. ரெனுவாருக்கு இடங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டே பேசினார், கேட்டார், கவனித்தார். தன் மனதில் இருந்த ஒரு கதையைப் பற்றியும் சொன்னார். ரெனுவார் உற்சாகப்படுத்தினார். அந்த இளைஞர் சத்யஜித் ரே. அந்தக் கதை 'பதேர் பாஞ்சாலி'.

அதே படப்பிடிப்பை ஓரமாக நின்று பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இன்னொரு இளைஞர் சுப்ரதோ மித்ரா. அதுவரை சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அவரைத்தான் ரே தன் ஒளிப்பதிவாளராக வைத்துக்கொண்டார். படப்பிடிப்பு 1952-ல் தொடங்கியபோது மித்ராவுக்கு இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது. நம் கல்லூரிகளில் மூன்றாம் வருடம் படிக்கிற வயது!

அதன் பிறகு நடந்ததும் முடிவுகளின் கதைதான். வெள்ளை நாணல் பூத்த வயலில் முதல் காட்சியைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, மறுவாரம் திரும்பிப் போனால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. வேறு இடம் பார்த்து எப்படியாவது முடித்திருக்கலாம். ரே அடுத்த வருடம் பூக்கும்வரை காத்திருந்தார். பணம் தீர்ந்துபோய் படமே நின்றது. மனைவியின் நகைகள் அடமானத்துக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து 1955-ல் படம் வெளிவந்தது. 'பாதையின் பாட்டு' என்ற பெயரைப் பார்த்து, அந்தப் பணத்தைச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள் என்பது இன்றும் சிரிப்போடு சொல்லப்படும் கதை.

இந்த விவரங்கள் எப்படி நமக்குத் தெரியும்? ரே எழுதினார், பேசினார், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். மேதை, மேதை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எட்டாத உயரத்துக்குப் போய்விடுவார். மாடு மேய்ந்த கதையைக் கேட்டால்தான், நம்மைப் போல் கையைப் பிசைந்துகொண்டு வயலில் நின்ற ஒரு மனிதர் தெரிகிறார்.

இயக்குநரை மட்டும் கேட்டால் போதுமா?

போதாது. ஹிட்ச்காக் - த்ரூஃபோ உரையாடலில் ஒரு பெரிய குறை, ஒரே ஒரு ஆளின் மூளையிலிருந்து எல்லாமே வந்தது போன்ற தோற்றம். 'சைக்கோ' குளியலறைக் காட்சியில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அந்த வயலின் கிறீச்சிடலைப் போட்டுக்காட்டிய பிறகு மனதை மாற்றிக்கொண்டார். அந்த இசை இல்லாத 'சைக்கோ'வை நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஆனால் ஹெர்மனை ஒரு வாரம் உட்காரவைத்து ஐந்நூறு கேள்வி கேட்க யாரும் போகவில்லை.

இந்தக் குறையைத் தீர்த்த ஒரு உரையாடல், எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சோடு நடத்தியது. ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர். அவருடைய 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' நாவல் 1996-ல் படமானபோது அதன் படத்தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் மர்ச் ஆஸ்கர் வாங்கினார். வேலை செய்கிற மர்ச்சைப் பார்த்து ஆச்சரியப்பட்ட ஒண்டாச்சி, அவரோடு பேசியதையெல்லாம் 2002-ல் புத்தகமாக்கினார்.

'காட்ஃபாதர்' (1972) பார்க்காதவர்கள் குறைவு. மைக்கேல் அந்த ரெஸ்டாரன்டில் இரண்டு பேரைச் சுடப்போகும் காட்சி நினைவிருக்கிறதா? பின்னணி இசை கிடையாது. ஆனால் ஒரு ரயில் கிறீச்சிடும் சத்தம் ஏறிக்கொண்டே போகும். ரயில் திரையில் எங்கேயும் இல்லை. அந்தச் சத்தம் மைக்கேலின் மண்டைக்குள் நடப்பது. அந்த ஒலிக்குப் பின்னால் இருந்தவர் மர்ச். இசை இருந்திருந்தால் இப்போது பயப்படுங்கள் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். இசையை விட்டுக்கொடுத்ததால், ஏன் பயப்படுகிறோம் என்றே தெரியாமல் பயப்படுகிறோம்.

'தி கான்வர்சேஷன்' (1974) படத்தை வெட்டும்போது மர்ச் இன்னொன்றைக் கவனித்தார். எங்கே வெட்டலாம் என்று அவர் முடிவு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடிகர் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டிக்கொண்டிருந்தார். ஒரு எண்ணம் முடியும்போது மனிதன் சிமிட்டுகிறான், அதுதான் வெட்டுவதற்கும் இயல்பான இடம் என்று அங்கிருந்து யோசித்துக்கொண்டு போனார். நாளைக்கு யாராவது உங்களோடு பேசும்போது அவர் எப்போது சிமிட்டுகிறார் என்று பாருங்கள். (ரொம்ப உற்றுப் பார்த்து வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.)

இதை எந்த இயக்குநரிடம் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. தமிழிலும் ஒலிப்பதிவாளர்கள், கலை இயக்குநர்கள், படத்தொகுப்பாளர்கள் இருக்கிறார்கள். 'நாயகன்' (1987) படத்துக்காக மும்பை தாராவியைச் சென்னையில் செட்டாகப் போட்டவர் தோட்டா தரணி. தேசிய விருது வாங்கினார். நிஜத் தாராவி இருக்கும்போது எதற்கு செட்? அங்கே கிடைக்காத எது இங்கே கிடைத்தது? இங்கே எது போனது? தாரளமாக ஒரு நாள் முழுக்கப் பேசலாம். ஆனால் பண்டிகைப் பேட்டியில் அந்த சோபாவில் கலை இயக்குநருக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் படத்தின் மாயம் போய்விடாதா? படைப்பாளி எதற்கு விளக்க வேண்டும்?

டேவிட் லிஞ்ச் இந்தக் கட்சி. 'இரேசர்ஹெட்' (1977) படத்தின் அர்த்தத்தை அவர் கடைசிவரை விளக்கவில்லை. அந்தப் படத்தில் வரும் விநோதக் குழந்தையை எப்படிச் செய்தார் என்பதையும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் அவர் இறந்தபோது அந்த ரகசியம் ரகசியமாகவே இருந்தது. அர்த்தத்தை மட்டும் அல்ல, செய்முறையையும் மறைத்த மனிதர். அது அவருடைய உரிமை. யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனால் லிஞ்ச் பேசவே இல்லையா? பேசினார். எண்ணங்கள் எப்படி வருகின்றன, மீனுக்குக் காத்திருப்பது போல அவற்றுக்கு எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று 2006-ல் ஒரு புத்தகமே எழுதினார். 'இரேசர்ஹெட்' எடுத்து முடிக்க வருடக்கணக்காக ஆனதையும், அந்தக் காலத்தில் பேப்பர் போட்டுச் சம்பாதித்ததையும் மறைக்கவில்லை. வித்தையின் திரையை மூடிக்கொண்டார், உழைப்பின் கதவை மூடவில்லை. கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டிய கோடு அதுதான்.

தமிழில் இந்தக் கோட்டின் மேல் நடந்த ஒரு நல்ல உரையாடல் இருக்கிறது. விமர்சகர் பரத்வாஜ் ரங்கன், மணிரத்னத்தோடு படம் படமாகப் பேசி, 2012-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. பிறகு தமிழிலும் வந்தது. ரங்கன் ரசிகராக ஒரு அர்த்தம் கண்டுபிடித்துச் சொல்வார். மணிரத்னம் அப்படியெல்லாம் திட்டமிட்டுச் செய்யவில்லை என்று பல இடங்களில் தட்டிவிடுவார். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் அந்த இழுபறியில்தான் விஷயமே இருக்கிறது. ரசிகன் பார்த்தது பொய்யில்லை, இயக்குநர் நினைக்காததும் பொய்யில்லை. அர்த்தத்தைப் பற்றிய பேச்சு இப்படி நழுவும். ஏன் இந்த நடிகர், ஏன் இந்த ஒளி, ஏன் இந்த நீளம் என்று கேட்டால் அது அவ்வளவு எளிதில் நழுவாது.

போகிற போக்கில் ஒரு செய்தி. மணிரத்னம் சென்னை விவேகானந்தா கல்லூரியில் காமர்ஸ் படித்தவர். அதன் பிறகு எம்.பி.ஏ. இயக்கிய முதல் படம் 1983-ல் வந்த 'பல்லவி அனுபல்லவி' என்ற கன்னடப் படம். அதற்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. பி.காம் படிப்பவர்களைப் பார்த்து "நீயெல்லாம் சினிமா பேசுறியா?" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லலாம் :-)

பெரிய ஆள் வேண்டாம்

இவ்வளவு பெரிய பெயர்களாகச் சொன்னதால், இதெல்லாம் த்ரூஃபோவுக்கும் ஒண்டாச்சிக்கும்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். கல்லூரிக் கலைவிழாவுக்கு ஒரு இயக்குநரை அழைத்துவர மாதக்கணக்காக அலைகிறார்கள். அவர் வந்து பொன்னாடை வாங்கி, விசில் வாங்கி, "நீங்கதான் நாளைய தலைமுறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதற்குப் பதிலாக, அதே ஊரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவரை ஒரு மதியம் அழைத்துப் பேசலாம். மூன்று நாள் கல்யாணத்தை இரண்டு மணி நேரமாக்க எதையெல்லாம் வெட்டினார், பெண் அழுத காட்சியை எத்தனை விநாடி வைத்தார், மாமனார் கோபித்துக்கொண்டு போனதை எப்படி மறைத்தார் என்று கேட்டால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும். குறும்படம் எடுத்துத் தோற்றுப்போன சீனியரைக் கேட்கலாம். ஊர் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டிய பெரியவரிடம், எந்தப் படத்தில் எந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து வெளியே போனார்கள் என்று கேட்கலாம். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அது இருக்காது.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு தடவை பார்த்தால் இன்னும் நல்லது. ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, இதை வேறு எப்படியெல்லாம் எடுத்திருக்கலாம் என்று தானே இரண்டு வழி யோசித்துக்கொண்டு போக வேண்டும். அப்போது கேள்வி தானாக வரும். எதிரில் இருப்பவரும், அட, இவன் வேலையைப் பார்த்திருக்கிறான் என்று நிமிர்வார்.

ஒரு படைப்பாளிக்கு விசிலும் மாலையும் எங்கேயும் கிடைக்கும். தான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் எடுத்த ஒரு முடிவை ஒருவன் கவனித்திருக்கிறான் என்பது அபூர்வமாகத்தான் கிடைக்கும். பதிலுக்கு அவர் சொல்லிவிட்டுப் போவது கேட்டவனுக்கு மட்டும் அல்ல, அந்த அரங்கில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும், சென்னைக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லாத ஒருவனுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே மக்களே, அடுத்த முறை கையில் மைக் வந்தால் "படம் எப்படி வந்திருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எப்படி வந்திருக்கிறது என்பதைத்தான் நீங்களே பார்த்துவிட்டீர்களே. என்ன வராமல் போனது என்று கேளுங்கள்.